மத்த பசங்க என்ன செஞ்சாங்க, டீச்சர்?

தென் மாவட்டம் ஒன்றில், அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பதினாறு வருடம் ஆகிறது. ஊர்ப் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. இவர்களில் பலர் இன்னமும் அதே பஸ்ஸில் பள்ளிக்கு வருகிறவர்கள்.

2022 ஜூலை. ஒன்பதாம் வகுப்பு, மதியம் முதல் பீரியட். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு விக்கல் எடுத்தது. முன் பெஞ்சில் இருந்தவள் எதையும் யோசிக்காமல் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். புதுப் பெண் அண்ணாந்துதான் குடித்தாள், உதடு படவே இல்லை. மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தாள். அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி குனிந்து, பாட்டில் கொடுத்தவளின் காதில் என்னவோ சொன்னாள். அவள் முகம் மாறிவிட்டது. "டீச்சர், பாத்ரூம்" என்று கேட்டுக்கொண்டு பாட்டிலோடு வெளியே போனாள்.

எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் குழாயடி தெரியும். மிச்சத் தண்ணீரைக் கொட்டினாள். கழுவினாள். மறுபடியும் கழுவினாள். பிறகு கீழே கிடந்த மண்ணை எடுத்து, பாத்திரம் விளக்குவதுபோல அந்த பாட்டிலின் வாயைத் தேய்த்தாள். வகுப்பில் நாற்பத்தொரு பேர். ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விக்கல் எடுத்த பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசினேன். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டப் பிரிவு 17, 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மனிதனை மனிதன் மதிப்பது என்று எல்லாம் பேசினேன். என் குரல் நடுங்கியது. பேசி முடித்தபோது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அந்தப் புதுப் பெண் வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் வரவில்லை. நாலாம் நாள் வந்தவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க பேசுறவரைக்கும் பாதிப் பேருக்கு நான் எந்தத் தெருன்னே தெரியாது, டீச்சர்."

நம் பாடநூல்களின் முதல் பக்கத்தில் 'தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்' என்று அச்சிட்டிருக்கும். நாங்கள் படித்த காலத்தில் பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று மூன்று வரிகளாக இருந்தது. எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஒப்பிக்கும். மண் போட்டு பாட்டில் தேய்த்த பிள்ளையும் ஒப்பிக்கும். செப்டம்பர் 17 சமூக நீதி நாளுக்கு உறுதிமொழி எடுக்கிறோம், ஏப்ரல் 14 சமத்துவ நாளுக்கு எடுக்கிறோம். அவை வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் குழாயடியில் நிற்கும்போது அந்த வரிகள் ஒரு பிள்ளைக்கும் வாயில் வரவில்லை. வாயில் வர என்ன செய்யலாம் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை நாள் ஆனது.

அதற்கு முன்னால் என் பழக்கங்களையே பார்க்க வேண்டியிருந்தது. உதவித்தொகை வேலையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: வங்கிப் பாஸ்புக், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் நகல். கடைசித் தேதி நெருங்க நெருங்க ஆபீஸிலிருந்து நெருக்குவார்கள். நான் வகுப்பு வாசலில் நின்றபடியே, "எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க. யார் யார் இன்னும் பாஸ்புக் ஜெராக்ஸ் தரல?" என்று கேட்டிருக்கிறேன். வருடா வருடம் கேட்டிருக்கிறேன். எழுந்து நிற்கும் பிள்ளைகளின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை, கையிலிருந்த பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஜூன் மாதமே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி காகித உறை கொடுத்துவிடுகிறேன். எல்லோரும் எல்லா நகல்களையும் போட்டுத் தர வேண்டும். யாருக்கு எது பொருந்தும் என்று பிரிப்பது என் மேசையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஏதாவது குறைந்தால் வீட்டுக்குப் போன் பேசுவேன், அல்லது நோட்டு திருத்திக் கொடுக்கும்போது உள்ளே ஒரு துண்டுச்சீட்டு வைத்துவிடுவேன். வேலை கொஞ்சம் கூடுதல்தான். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த, நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இதே விஷயம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றி வகுப்பில் வைத்துப் பேசாமல் தலைமையாசிரியர் தன் அறைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. அதைப் படித்தபோது நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். மற்ற ஆசிரியர்களும் செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாதம், எந்த வேலைக்கு எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறேன் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வந்தேன். வகுப்பைப் பெருக்க, பெஞ்ச் தூக்க, ஸ்டாஃப் ரூமுக்குக் குடிதண்ணீர் கொண்டுவர, என் டிபன் பாக்ஸ் கழுவ, கடைக்குப் போக. மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தேன். பெருக்கக் கூப்பிட்ட பெயர்களில் ஒன்றுகூடத் தண்ணீர் கொண்டுவரக் கூப்பிட்ட பெயர்களில் இல்லை. நான் யோசித்துச் செய்ததில்லை. யோசிக்காமலே கை அப்படிப் பழகியிருக்கிறது. அந்த நோட்டு இன்னும் என் பையில் இருக்கிறது. வகுப்பு வேலைகளுக்கு அன்றிலிருந்து சுற்றுமுறைப் பட்டியல் போட்டு, கரும்பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். டிபன் பாக்ஸை நானே கழுவிக்கொள்கிறேன்.

2022 டிசம்பர் வாக்கில் ஒருநாள், அம்பேத்கர் சிறுவயதில் சதாராவில் படித்த கதையைச் சொன்னேன். வகுப்பில் அவருக்குத் தனியாகக் கோணித்துணி. அதைப் பள்ளியில் கூட்டிப் பெருக்குபவர்கூடத் தொட மாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து தண்ணீர் தர வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. எத்தனையோ தடவை சொன்ன கதைதான். வழக்கமாகப் பிள்ளைகள் "பாவம்" என்பார்கள், அதோடு மணி அடித்துவிடும். அன்றைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "மத்த பசங்க என்ன செஞ்சாங்க, டீச்சர்?"

"எந்தப் பசங்க?"

"அந்த கிளாஸ்ல இருந்தவங்க. ஒருத்தன்கூட ஊத்திக் குடுக்கலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பல வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறேன். கொடுமைக்கு ஆளானவரைப் பற்றிச் சொன்னேன், கொடுமை செய்தவர்களைப் பற்றிச் சொன்னேன். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றி நினைத்ததே இல்லை. என் முன்னால் இருந்தவர்களும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஜூலையில், அந்த ஜன்னல் வழியாக.

சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "ஏன் யாரும் ஊத்திக் குடுத்திருக்க மாட்டாங்க?" என்று கேட்டேன். சொல்லச் சொல்ல எழுதினேன். வீட்டுல திட்டுவாங்க. அப்புறம் நம்மகூட யாரும் சேர மாட்டாங்க. அவனையும் சேத்து அடிச்சிருப்பாங்க. நமக்கென்னன்னு இருந்திருப்பாங்க. டீச்சர் பாத்துக்குவாங்கன்னு நெனைச்சிருப்பாங்க. அப்புறம் ஒரு பெண் சொன்னாள்: "என்ன சொல்றதுன்னு தெரிஞ்சிருக்காது." கரும்பலகையில் இருந்த மற்றவற்றை உடனே மாற்ற என்னால் ஆகாது. கடைசியாக வந்ததை ஒரு ஆசிரியை சொல்லிக்கொடுக்கலாம். அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

பிறகு தேடிப் படித்ததில், கனடாவின் டொரோண்டோவில் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவதை வீடியோ எடுத்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு கிடைத்தது. ஒரு பிள்ளையை மற்றவர்கள் சீண்டும்போது, கூடப் படிக்கும் பிள்ளை ஒன்று குறுக்கே வந்தால், பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து நொடிக்குள் சீண்டல் நின்றுவிடுகிறதாம். ஆனால் அப்படிக் குறுக்கே வருவது ஐந்து தடவையில் ஒரு தடவைகூட நடப்பதில்லை. பத்து நொடிக்குள் என்ன பேச முடியும்? மூன்று சொல், நாலு சொல்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஒரு சூழ்நிலை சொல்வேன். ஒருவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி சாப்பிட வந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்து போகிறார்கள். கபடிக்கு ஆள் பிரிக்கும்போது ஒருவனை மட்டும் யாரும் எடுப்பதில்லை. புதிதாக வந்தவனிடம் 'நீ எந்தத் தெரு?' என்று கேட்கிறார்கள். நீ பக்கத்தில் நிற்கிறாய், என்ன சொல்வாய்? நாலு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. வெளியே நீ நிஜமாகப் பேசுகிற பேச்சாக இருக்க வேண்டும். இரண்டே விதிதான்.

முதல் இரண்டு வாரம் மேடைப் பேச்சாகவே வந்தது. "நண்பா, அனைவரும் சமம்" என்று ஒருவன் எழுந்து சொன்னான், வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். மைதானத்தில் அப்படி யாரும் பேச மாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும். மூன்றாவது வாரத்திலிருந்து நல்ல வாக்கியங்கள் வர ஆரம்பித்தன. "லே, விடு." "அவனுக்குப் பேரு இருக்கு." "அது எதுக்கு உனக்கு?" "நகரு, நானும் உக்காருறேன்." "வா, மேட்ச் பாக்கப் போவோம்" என்று பேச்சை மாற்றிக் கூட்டிப்போய்விடுவதும் ஒரு வழி என்று ஒருவன் சொன்னான். அதிகம் பேசாத ஒரு பெண், "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் டீச்சர். எந்திரிச்சுப் போயி அவ பக்கத்துல உக்காந்துக்குவேன்" என்றாள். எனக்கு அன்று வீட்டுக்குப் போகும்வரை அந்த வாக்கியம்தான் காதில் இருந்தது.

வாக்கியத்தை எழுதி வைத்தால் போதாது. எழுந்து நின்று, சத்தமாக, ஐந்து தடவை சொல்ல வேண்டும். வாய் பழகினால்தான் வேண்டிய நேரத்தில் வரும். வாய்ப்பாடு படிக்க வைப்பதுபோலத்தான் இதுவும். கோபமாகச் சொல்லிப் பார், சாதாரணமாகச் சொல்லிப் பார், சிரித்துக்கொண்டே சொல்லிப் பார் என்பேன். சாதாரணமாகச் சொல்வதுதான் பெரும்பாலும் வேலை செய்கிறது என்று பிள்ளைகளே ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்தப் பயிற்சியில் அவமானப்படுகிற பிள்ளையாக யாரும் நடிக்கக் கூடாது. அந்த இடத்தில் ஒரு காலி நாற்காலியைத்தான் போடுகிறேன். ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டது இது. அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் கொல்லப்பட்டதற்கு மறுநாள், தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தைத் தாழ்த்தி நடத்தி, பாகுபாடு எப்படி இருக்கும் என்று உணர வைத்தார். அதைக் கேள்விப்பட்டு நானும் பச்சைச் சீட்டு, வெள்ளைச் சீட்டு என்று குலுக்கிப் போட்டேன். பச்சைச் சீட்டுக்காரர்கள் பின்னால் உட்கார வேண்டும், கேட்காமல் பேசக் கூடாது. பத்து நிமிடம் போயிருக்கும். பாட்டில் விஷயத்தில் வாடிப்போன அந்தப் பெண்ணின் கையில் பச்சைச் சீட்டு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. அவள் முகத்தில் விளையாட்டே இல்லை. உடனே நிறுத்திவிட்டேன். அவருடைய வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், பாகுபாட்டை அதற்கு முன் அனுபவிக்காதவர்கள். என் வகுப்பில் தினமும் அதை அனுபவித்துவிட்டு வருகிற பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நான் எதை உணர்த்த வேண்டும்?

பாட்டில் கழுவிய பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வகுப்பு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனியாகக் கேட்டபோது, "எங்க ஆச்சி வீட்டுல அப்படித்தான் டீச்சர் செய்வாங்க" என்றாள். நான் மறக்கக் கூடாது என்று நினைப்பது இதுதான்: விக்கல் எடுத்ததும் முதலில் பாட்டிலை நீட்டியவள் அவள். காதில் ஒரு சொல் விழும்வரை அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அவளைக் குற்றவாளியாக நிறுத்தியிருந்தால் அந்த முதல் மனதையும் சேர்த்து அடைத்திருப்பேன். அவள் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் புதுப் பெண்ணிடம் கணக்கு நோட்டைக் கடன் கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

சாதி மட்டும் இல்லை. அடுத்த வருடம் திக்கிப் பேசுகிற ஒரு பையன் வந்தான். வாசிக்கச் சொன்னால் மற்றவர்கள் அவனுக்கு முன்னாலேயே அந்தச் சொல்லை முடித்துவிடுவார்கள். உதவி என்று நினைத்துத்தான் செய்தார்கள். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் இந்தச் சூழ்நிலையையும், யார் என்று சொல்லாமல், வைத்தேன். "முடிக்க விடு" என்ற வாக்கியம் வந்தது. ஒரு மாதம் வகுப்பில் யார் குறுக்கே பேசினாலும், நான் பேசினாலும்கூட, "முடிக்க விடுங்க டீச்சர்" என்றார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரி நடந்தது. பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தொடர்ந்து தொல்லை கொடுக்கிறார்கள் என்று அந்தப் பையன் தரப்பில் பள்ளியில் சொன்ன பிறகு நடந்தது அது. அவன் அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் 600-க்கு 469 எடுத்தான். எங்கள் பகுதி ஆசிரியர்கள் எல்லோருக்கும் அந்த ஆகஸ்ட் மாதம் தூக்கம் போயிற்று. நீதிபதி சந்துரு குழுவை அரசு அமைத்ததும் இதற்குப் பிறகுதான்.

எங்கள் பள்ளியில் உடனடியாகச் செய்தது கயிறு வெட்டுவது. சாதிக்கு ஒரு நிறம் என்று பையன்கள் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவது இங்கே வெகுநாள் பழக்கம். 2019 ஆகஸ்டிலேயே இதைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் அடங்கிப் போனது. இந்தத் தடவை வாசலில் கத்தரியோடு நின்றோம். ஒரே வாரத்தில் அந்த நிறங்கள் பேனா மூடிக்கும், பை ஜிப்பில் கட்டிய நூலுக்கும், சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் இடம் மாறிவிட்டன.

கத்தரியை வைத்துவிட்டு ஒவ்வொருவனாகக் கூப்பிட்டுப் பேசினேன். யார் கட்டினது, எப்போது கட்டினது என்று மட்டும் கேட்டேன். கோயில் கொடைக்கு மாமா கட்டினது, அண்ணன் கட்டினது, எல்லாரும் கட்டினாங்க நானும் கட்டினேன். ஒரு பையன் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் கழட்டணும்னுதான் டீச்சர். கழட்டினா அண்ணன் கேப்பான். நீங்க கழட்டச் சொன்னீங்கன்னு எழுதிக் குடுங்க." எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் விளங்கியது. பள்ளி போடுகிற விதியை இதுவரை பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவதற்கு என்று நினைத்திருந்தேன். விலக நினைக்கிற பிள்ளைக்கு அது ஒரு குடை. 'நானாகச் செய்யல, ஸ்கூல்ல சொல்லிட்டாங்க' என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். ஹெச்.எம். சார் எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினார்: எந்த நிறமானாலும், நட்புக் கயிறானாலும், கையில் ஒன்றும் கூடாது. நாலைந்து பேர் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் இருபது பேருக்கு மேல் மறுநாளே வெறுங்கையோடு வந்தார்கள்.

இருக்கை விஷயமும் அப்படித்தான். வருகைப் பதிவேட்டில் உள்ள அகர வரிசைப்படி உட்காரவைத்து, திங்கள்தோறும் சீட்டுக் குலுக்கி மாற்றுகிறேன். 'என் மகளை ஏன் அங்க உக்கார வச்சீங்க?' என்று ஒரு அப்பா வந்தார். சீட்டு டப்பாவை அவர் முன்னாலேயே கவிழ்த்துக் காட்டினேன். "அண்ணாச்சி, நான் வைக்கல, சீட்டுதான் வச்சிச்சு. அடுத்த வாரம் மாறிரும்." அவரும் ஊரில் போய்ச் சொல்ல ஒரு பதில் கிடைத்த மாதிரி போய்விட்டார். 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழு முறை வந்து, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்கள் பிரித்தபோது இது இன்னும் எளிதானது. கபடி டீமே அந்தக் குழுப்படிதான். முல்லைக்காக ஆடுகிறவன் முல்லையில் யார் நன்றாக ஆடுவான் என்றுதான் பார்க்கிறான், அவனைக் கூப்பிடாவிட்டால் தோற்க வேண்டியிருக்கும்.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரியில், ஒன்பதாம் வகுப்புக் கபடிப் பையன் ஒருவன், மைதானத்தில் தன் தெருவைச் சேர்ந்த பெரிய பையன்கள் இன்னொருவனைச் சாதிப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, "அவனுக்குப் பேரு இருக்கு" என்று சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை வகுப்பில் பழகிய அதே வாக்கியம். சொன்னதும் அவர்கள் போய்விட்டார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திங்கள்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை மேடைக்குக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, ஒரு பேனா பரிசு கொடுத்தேன். பள்ளியே கைதட்டியது.

வியாழக்கிழமை கன்னம் வீங்கி வந்தான். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்றான். பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியில் பெயர் போடாத ஒரு சீட்டு இருந்தது: 'அவன அவங்க தெருவுல அடிச்சாங்க. பேனா குடுத்ததுனாலதான்.'

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கழுவி, பக்கத்துக் கடையிலிருந்து கலர் வாங்கிவரச் சொல்லி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துதான் போனேன். அவர் நிதானமாகப் பேசினார். "நல்லதுதான் சொல்லிக் குடுக்கீங்க டீச்சர். அவன் சொன்னதும் சரிதான். ஆனா நீங்க நாலு மணிக்கு பஸ் ஏறிருவீங்க. நாங்க இங்கனதான இருக்கணும்?"

எனக்கு அதற்குப் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. அதற்குப் பிறகு சிலவற்றை மாற்றினேன். எதிர்த்துப் பேசிய பிள்ளையைப் பலர் முன்னால் பாராட்டுவதே இல்லை. வகுப்பு முடிந்து போகும்போது தோளில் கை வைத்து, "கேள்விப்பட்டேன்" என்பேன், அது போதும். தனியாக எதிர்க்காதே, இரண்டு மூன்று பேராக நில் என்று சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பயிற்சியையே ஜோடியாக மாற்றிவிட்டேன். ஒருவன் சொன்னால் அடுத்தவன் "ஆமா, விடு" என்று கூடச் சேர வேண்டும். எதிரே இருப்பவர்கள் பெரியவர்கள் என்றாலோ, கையில் எதுவும் இருந்தாலோ, வாயைத் திறக்காதே, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் ஓடி வா. பாதிக்கப்பட்டவனிடம் பிறகு போய், "நான் பாத்தேன், அவங்க செஞ்சது தப்பு" என்று சொல்வதும் எதிர்ப்பதுதான். இதையும் சத்தமாகச் சொல்லிப் பழக்குகிறேன்.

புகார் வந்தால் நாங்கள் நடந்துகொள்ளும் விதமும் மாறியது. முன்பெல்லாம் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கைகொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவோம். சண்டையில் இரண்டு பேருக்கும் பங்கு இருந்தால் அது சரி. ஒருவன் மட்டும் அவமானப்பட்டிருக்கும்போது கைகொடுக்க வைப்பது அவனை இரண்டாம் முறை அவமானப்படுத்துவது. இப்போது தனித்தனியாகத்தான் பேசுகிறோம். யார் சொன்னது என்பதை வெளியே விடுவதில்லை. சொன்ன பிள்ளை அன்று எப்படி வீட்டுக்குப் போகிறது, யாரோடு போகிறது என்று பார்க்கிறோம். அடுத்த பத்து நாள் தினமும் ஒரு வார்த்தை கேட்கிறோம். சாதி சொல்லித் திட்டியது, மிரட்டியது, கை வைத்தது என்றால் சமாதானப் பேச்சே கிடையாது. எழுத்தில் எழுதி தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும், அவர் மேலே அனுப்ப வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம். கழிவறைக் கதவின் உள்பக்கத்திலும் எழுதச் சொன்னது ஒரு எட்டாம் வகுப்புப் பெண். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளலாம் என்றாள்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் இது பிடிக்கிறது என்று சொல்ல மாட்டேன். "சும்மா இருக்கிறதக் கிளறுறீங்க" என்று என்னைவிட மூத்த ஒரு ஆசிரியர் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் எதுவும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண் மூன்று நாள் பள்ளிக்கு வராதபோது நமக்குச் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது எங்களில் ஆறு பேர் சேர்ந்து செய்கிறோம். பி.இ.டி. சார் சேர்ந்ததுதான் பெரிய பலம். மைதானத்தில் நடப்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அந்த அம்மா சொன்ன நாலு மணி பஸ் விஷயம் மட்டும் என்னை விடவில்லை. பள்ளிக்குள் நாம் என்ன செய்தாலும் 4.20-க்கு கேட் திறந்துவிடும். பஸ் ஸ்டாப்பில் ஊர் ஊராக, தெருத் தெருவாகப் பிரிந்து நிற்பார்கள். பிரச்சினை தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் ஆறு பேரும் முறை வைத்து, தினம் இரண்டு பேர், கடைசிப் பஸ் போகும்வரை அங்கே நிற்கிறோம். யாரையும் அதட்டுவதில்லை. பேசிக்கொண்டு நிற்போம், கடலை வாங்கித் தின்போம்.

கபடிப் பையன் இப்போது பிளஸ் ஒன். அன்று யாருக்காகப் பேசினானோ அவனும் அதே வகுப்புதான். உள்ளே இருவரும் ஒரே பெஞ்ச், ஒரே முல்லை டீம். ஆனால் கேட் வந்ததும் ஒருவன் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிவான், மற்றவன் முன்னால் போய்விடுவான். தினமும் பார்ப்பேன். நான் எதுவும் சொன்னதில்லை. அவர்கள் கணக்கு அவர்களுக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே, சாலையோரமாக ஒரு வேப்பமரம் இருக்கிறது. இருபது முப்பது அடி தூரம் இருக்கும். போன வியாழக்கிழமை என் முறை. இருவரும் என்னவோ பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டி, அந்த வேப்பமரம் வரைக்கும் சேர்ந்து வந்தார்கள். அங்கே நின்று ஒருவன் குனிந்து லேஸ் கட்டினான்.